துருவைச் சுரண்டுமுன்...

நியூயார்க் மாநகரின் நடுவே 'சென்ட்ரல் பார்க்' என்னும் பெரும் பூங்கா உள்ளது. 2013ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அப்பூங்காவின் பணியாளர் சிலர் பழைய பீரங்கி ஒன்றின் துருவை அகற்றும் வேலையில் ஈடுபட்டிருந்தனர். 1780ஆம் ஆண்டில் ஈஸ்ட் ஆற்றில் மூழ்கிய 'ஹஸார்' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலைச் சேர்ந்தது அப்பீரங்கி என்பர். பல பத்தாண்டுக் காலம் அது பூங்காவிலே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. அதனருகே எத்தனை குடும்பங்கள் அமர்ந்து உணவருந்தியிருக்கும்! பணியாளர் குழலின் வாயை அடைத்திருந்த அடைப்பை நீக்கி உள்ளே பார்த்தபோது திடுக்கிட்டனர். குண்டும், பஞ்சடைப்பும், சுமார் 800 கிராம் வெடிமருந்தும் உள்ளே அப்படியே இருந்தன. காவல் துறையின் வெடிகுண்டு நிபுணர் வந்து மருந்தை அகற்றினர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது தீப்பற்றக்கூடிய நிலையிலேயே இருந்ததாம்.

அது நல்லபடியாக முடிந்தது. ஆனால் எல்லாம் அவ்வாறு முடிவதில்லை. 2008ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில், உள்நாட்டுப் போர்க் காலத்து வெடிகுண்டு ஒன்றைத் தம் வீட்டு வாசலில் வைத்துத் துப்புரவு செய்துகொண்டிருந்தார் ஒருவர். இத்தகைய குண்டுகளை நூற்றுக்கணக்கில் கையாண்டு பழகியவர் அவர். குண்டு வெடித்தது, அவர் அங்கேயே மாண்டார். சுமார் 140 ஆண்டுகள் உறங்கிக்கிடந்த மருந்து ஒரு நொடியில் விழித்துக்கொண்டது.

துருப்பிடித்த பழங்காலக் கைத்துப்பாக்கி ஒன்றை மீண்டும் இயங்கும் நிலைக்குக் கொண்டுவருவது எங்ஙனம் என்பதைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத எண்ணினோம். ஆயினும் அவ்வேலையை அறிந்தவர் எவரும் அரத்தையோ எண்ணெயையோ முதலில் கையில் எடுப்பதில்லை என்பதால், நாமும் இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. "உள்ளே மருந்து இருக்கிறதா?" இதுவே முதற் கேள்வி.

அதை அறியும் வழி மிக எளிது. மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழலின் வாய்வழியே அடிவரை செலுத்தி, வாயின் விளிம்போடு ஒட்டிய இடத்தில் ஒரு கோடு இடுவர். பின்னர் குச்சியை வெளியே எடுத்து, அக்கோடு குழல் வாயோடு பொருந்தும்படி வெளிப்புறமாக வைத்துப் பார்ப்பர். தீ உட்செல்லும் சிறு துளை குழலின் பின்பகுதியில் உள்ளது. குச்சியின் நுனி அத்துளைவரை எட்டினால் குழல் வெறுமையானது. இரண்டு விரற்கடை குறைந்து நின்றாலோ, உள்ளே ஏதோ கிடக்கிறது. சில வேளைகளில் அது குளவி கட்டிய மண்கூடாக இருக்கலாம். சில வேளைகளில் மருந்தும் ஈயக் குண்டுமாக இருக்கும். கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் கலந்த கலவையே அன்றி வேறன்று. ஈரம் பட்டால் எரியாது. உலர்ந்துவிட்டால் பழையபடி எரியும். காலம் அதைக் கொல்வதில்லை. அக்காலத்தில் ஆங்கிலேயரின் மருந்துக்கு வேண்டிய வெடியுப்பின் பெரும்பகுதி நம் பீகார் நாட்டு மண்ணிலிருந்தே கப்பலேறிச் சென்றது என்பதையும் இடையே சொல்லி வைக்கிறோம்.

குழல் வெறுமை என்று உறுதியான பின்னரே வேலை தொடங்குகிறது.

நம் வாசகருள் பலர் இத்தகைய துப்பாக்கியைத் திரைப்படங்களில் கண்டிருப்பீர்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஆங்கிலக் கடற்படையினர் இடைவாரில் செருகிச் சென்ற கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அக்ரூட் மரத்தாலான கட்டை, அதன்மேல் ஏறக்குறைய 12 அங்குல இரும்புக் குழல், வலப்பக்கத்தில் விசைப்பொறி. பிடியின் அடியில் கனத்த பித்தளைக் குமிழ் ஒன்று இருக்கும். ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்திட்டு நிரப்ப நேரமிராது; ஆதலால் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அக்குமிழால் எதிரியின் மண்டையில் அடிப்பதே அடுத்த வழி!

விசைப்பொறியில்தான் முழு வித்தையும் அடங்கியுள்ளது. நம் முன்னோர் 'குதிரை' என்று பெயரிட்ட வளைந்த உறுப்பு, சிக்கிமுக்கிக் கல் ஒன்றைத் தன் அலகில் கவ்விக்கொண்டிருக்கும். அதன் எதிரே நிமிர்ந்து நிற்பது எஃகுத் தகடு. தகட்டின் அடியில் சிறு கிண்ணம்; அதில் ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்தவுடன் குதிரை பாய்ந்து, கல் எஃகைச் சீவி, தகட்டைப் பின்னே தள்ளும். பொறிகள் கிண்ணத்தில் விழும். கிண்ணத்து மருந்து பற்றி, அத்தீ துளைவழியே குழலுக்குள் ஓடும். இவ்வமைப்பு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டில் உருப்பெற்றது. லிசியே நகரத்துக் கைவினைஞர் மாரின் லெ பூர்ழுவா என்பவரே அதை வகுத்தார் என்பது பொதுக் கருத்து. நெடுங்காலம் உலகின் படைகள் பல இதையே நம்பியிருந்தன.

இதற்கு முடிவு கட்டியவர் யார் தெரியுமா? ஸ்காட்லாந்து நாட்டின் சிற்றூர் ஒன்றில் ஊழியம் செய்த சபைப் போதகர் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத். வேட்டையில் விருப்பமுள்ள அவருக்கு ஒரு குறை. கிண்ணத்தில் தீ மின்னுவதைக் கண்டதும், குண்டு வருமுன்னரே பறவைகள் தப்பிவிட்டன. ஆகவே அடித்தவுடன் வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறையைக் கண்டு 1807ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். சில பத்தாண்டுகளுக்குள் சிக்கிமுக்கிக் கல்லின் காலம் முடிவடைந்தது. அன்று ஒதுக்கப்பட்டவையே இன்று பரண்களிலும் பழம்பொருட் கடைகளிலும் துருவேறிய நிலையில் கண்டெடுக்கப்படுகின்றன.

இனித் துருவைப் பற்றி. இரும்பும் காற்றும் நீரும் சேர்ந்தால் துரு உண்டாகும் என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்ததே. ஆனால் துருவில் இனம் உண்டு என்பதைப் பலர் அறியார். செந்துரு தூளானது, நுண்துளை நிறைந்தது. அது ஈரத்தை உறிஞ்சித் தனக்கு அடியிலுள்ள இரும்பைத் தொடர்ந்து தின்னும். மேலும் தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். திருகாணி தன் துளைக்குள் இறுகிப்போவதும், மரக்கட்டை குழலையொட்டிப் பிளந்துபோவதும் இதனால்தான். கருந்துருவோ அடர்த்தியானது, இரும்போடு ஒட்டி நின்று அதைக் காக்கும் இயல்புடையது.

நம் இல்லங்களில் தோசைக்கல்லைப் பழக்கும் தாய்மாருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கழுவி ஈரத்தோடு வைத்த கல் மறுநாள் செந்நிறமாகிறது. எண்ணெய் தடவிக் காய்ச்சிக் காய்ச்சிக் கருமை ஏற்றிய கல்லோ தலைமுறை கடந்தும் நிற்கிறது. அங்கே காப்பது எண்ணெயின் படலம். இங்கே காப்பது இரும்பின் கருந்துரு. இரண்டிலும் வழி ஒன்றே: கெட்டதைச் சுரண்டுவதைக் காட்டிலும், காப்பதை அதன்மேல் வளர்ப்பது.

துப்பாக்கியைச் சீர்படுத்துவோர் கையாளும் முறையும் அத்தகையதே. துருவேறிய குழலை எண்ணெய்ப் பசை நீக்கி, தூய நீரில் நெடுநேரம் கொதிக்க வைப்பர். செந்துரு மெல்ல மெல்லக் கருந்துருவாக மாறும். பின்னர் மென்மையான கம்பித் தூரிகையால் தேய்த்தால், பற்றின்றி நின்ற தூள் உதிர்ந்து, உறுதியான கரும்படலம் எஞ்சும். மீண்டும் கொதி, மீண்டும் தூரிகை. குழலின் இரும்பு ஓரிழையும் குறைவதில்லை.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளின் குழல்கள் பல, பட்டறையிலேயே வேண்டுமென்றே துருவேற்றப்பட்டவை! புதுக் குழலின் மீது அமிலநீரைப் பூசி, ஈரமான இடத்தில் தொங்கவிட்டுத் துரு படியச் செய்வர். தேய்த்து மீண்டும் பூசுவர். பல நாள் இவ்வாறு செய்து அழகிய பழுப்பு நிறத்தை வரவழைப்பர். இறுதியில் வெந்நீரால் அமிலத்தை முறித்து எண்ணெய் பூசுவர். வெயிலில் மின்னாமலும் மழையில் அரிக்காமலும் காக்கும் உடை அது. ஆகவே இன்று பழுப்பாகக் காணும் குழல் ஒன்றைக் கண்டு, 'எல்லாம் துரு' என்று உப்புத்தாளை எடுப்பவன், கைவினைஞன் பாடுபட்டு அணிவித்த ஆடையையே உரித்துவிடக்கூடும்.

கடலில் கிடந்த இரும்பின் கதை வேறு. உப்பு அதன் உள்ளுக்குள்ளே ஊறியிருக்கும். வெளியே எடுத்து உலர்த்தினால், மேலே எத்துணை அழகாகத் துடைத்தாலும் உள்ளிருந்து அரிப்பு கிளம்பி, சில ஆண்டுகளில் ஏடு ஏடாக உதிர்ந்துவிடும். அதனால் காரக் கரைசலில் மூழ்க வைத்து உப்பை வெளியேற்றுவர். 1862ஆம் ஆண்டின் இறுதி நாளன்று புயலில் மூழ்கிய 'மானிட்டர்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலின் சுழல் பீரங்கிக் கூண்டை 2002ஆம் ஆண்டில் கடலடியிலிருந்து தூக்கினர். விர்ஜீனியாவின் அருங்காட்சியகம் ஒன்றில் அதன் உப்பை நீக்கும் பணி இருபது ஆண்டுகளையும் கடந்தது. பொறுமை என்றால் அதுவன்றோ பொறுமை!

கைத்துப்பாக்கிக்கு அத்தனை காலம் வேண்டா. எனினும் அதைக் கழற்றுவதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். இறுகிய திருகாணியை வலிந்து திருகினால் தலை ஒடியும். மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு நாள்கணக்கில் ஊற வைப்பர். காய்ச்சிய இரும்புக் கம்பியின் நுனியைத் திருகாணியின் தலையில் வைத்துச் சூடேற்றி ஆறவிடுவர். விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி சற்றே தளரும். மீண்டும் எண்ணெய். பழைய திருகாணிகளின் தலையிலுள்ள வெட்டு மிகக் குறுகலானது. கடையில் விற்கும் திருப்புளி அதில் பொருந்தாது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஏற்பத் திருப்புளியின் நுனியைச் சாணைபிடித்தே ஆக வேண்டும்.

கழற்றிய பின்னும் தொல்லை தீர்வதில்லை. 1841ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியியலாளர் திருகாணி மரைகளுக்கு ஒரே அளவை வகுத்துத் தரும்வரை, ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பம்போல் மரை வெட்டியது. ஆதலால் ஒரே துப்பாக்கியின் இரு திருகாணிகள்கூட ஒன்றின் துளையில் மற்றொன்று சேர்வதில்லை. அட்டை ஒன்றில் பொறியின் உருவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் அதற்குரிய இடத்தில் குத்தி வைப்பது கைதேர்ந்தோர் வழக்கம். இதைப் படித்தபோது, பழுதுபார்க்கப் பிரித்த சுவர்க்கடிகாரத்தை மீண்டும் பூட்டியபின் மேசைமீது மூன்று ஆணிகள் மிஞ்சி நின்ற நம் அனுபவம் நினைவுக்கு வந்தது.

பொறியின் உயிர் அதன் வில். குதிரையைப் பாயச் செய்யும் அந்த மடித்த எஃகுத் தகட்டைத் துரு அரித்துப் பள்ளம் செய்திருந்தால், ஒருநாள் அப்பள்ளத்திலேயே அது முறியும். அப்போது புதிதாக ஒன்று செய்தாக வேண்டும். எஃகை அடித்து மடித்து, செந்தழலாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்ப்பர். இப்போது அது கண்ணாடிபோல் கடினமானது. அதேபோல் உடையக்கூடியதும் ஆகும். பின்னர் மெல்லச் சூடேற்ற, பளபளக்கும் எஃகின்மீது வைக்கோல் நிறமும், பின் ஊதாவும், பின் நீலமும் ஏறும். நீலம் கண்டவுடன் நிறுத்த வேண்டும். சற்று முந்தினால் முறியும். சற்றுப் பிந்தினால் வளைந்து அப்படியே நின்றுவிடும். நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குப் பதம் பார்க்கும் அதே கண்தான் இங்கும் வேண்டும்.

கல் உரசும் எஃகுத் தகட்டுக்கு வேறொரு பதம். பொறி என்பது கல்லிலிருந்து வருவதன்று. கல் சீவியெடுத்த எஃகின் நுண்துகள்கள் காற்றில் எரிவதே பொறி. தகட்டின் முகம் மென்மையாகிவிட்டால் கல் அதைக் கீறுமேயன்றிப் பொறி எழாது. எனவே எலும்பையும் தோலையும் கரியாக்கி, அக்கரித்தூளுக்குள் தகட்டைப் புதைத்து, மூடிய பெட்டியில் நெடுநேரம் காய்ச்சுவர். கரி இரும்பின் மேற்புறத்தில் நுழைந்து அதைக் கடினமாக்கும். உட்புறம் மென்மையாகவே இருந்து அடியைத் தாங்கும்.

மரக்கட்டையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆளிவிதை எண்ணெயைக் கைச்சூட்டில் தேய்த்துத் தேய்த்து ஊட்டுவர்; பிளந்த இடத்தில் பசையிட்டுக் கட்டுவர். அவ்வளவே.

இங்கே நம் வாழ்வில் நேர்ந்த ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நம் பாட்டனாரின் இரும்புப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. பத்திரங்களும், ஞானஸ்நானச் சான்றிதழ்களும், திருமண ஓலையும் அதில்தான் இருந்தன. துருவேறி அசிங்கமாகத் தோன்றிய அப்பெட்டியை, வீட்டில் ஒரு விசேடம் நெருங்கியபோது, உப்புத்தாள் கொண்டு இரண்டு நாள் முழுவதும் தேய்த்தோம். வெள்ளிபோல் ஆயிற்று. பெருமையோடு தாயாரை அழைத்துக் காட்டினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூடியின் இடது மூலையில் விரலை வைத்துத் தடவினார். அங்கே பாட்டனார் தம் கையாலேயே சிற்றுளி கொண்டு தம் பெயரையும், பெட்டி வாங்கிய ஆண்டையும் கொத்தி வைத்திருந்தாராம். துருவுக்குள் மறைந்திருந்த அவ்வெழுத்துக்களை நாம் கண்டதில்லை. கண்டிருந்தாலும் அவை துருவின் தழும்பு என்றே எண்ணியிருப்போம். இனி எவரும் காணப்போவதுமில்லை.

பழைய துப்பாக்கியில் அத்தகைய எழுத்துக்கள் ஏராளம். விசைப்பொறியின் தகட்டில் அரச முடியும் 'டவர்' என்னும் சொல்லும் இருந்தால், அது இலண்டன் கோட்டையின் படைக்கலச் சாலையைச் சார்ந்தது. முடியேந்திய சிங்கம் இருந்தால், அது கிழக்கிந்தியக் கும்பினியாரின் உடைமை. சென்னையிலோ கல்கத்தாவிலோ ஒரு சிப்பாயின் இடையில் தொங்கியிருக்கவும் கூடும். குழலின் இடப்புறத்தில், முடியின் கீழ்க் குறுக்கிட்ட இரு செங்கோல்கள் காணப்பட்டால், அது பர்மிங்காம் நகரச் சோதனைச் சாலையின் முத்திரையாக இருக்கலாம். 1813ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட அச்சாலையில், ஒவ்வொரு குழலிலும் வழக்கத்திற்கு மிகுதியான மருந்தை இட்டு வெடித்துப் பார்ப்பர். வெடித்துச் சிதறாமல் நின்ற குழலுக்கே முத்திரை. ஒரு மயிரிழை ஆழமுள்ள இம்முத்திரைகளைத் துரு பாதி தின்றிருக்கும். மீதியைத் தின்ன ஒரு மணி நேர உப்புத்தாள் போதும். பெயரற்ற பளபளப்பான இரும்பாக அது ஆகிவிட்டபின், அது யாருடையது, எங்கே பிறந்தது என்று சொல்ல எவரும் இலர்.

சரி, பொறி சீராயிற்று, கட்டை சீராயிற்று. விசையை இழுத்தால் குதிரை பாய்கிறது, பொறி பறக்கிறது. இனிச் சுட்டுப் பார்க்கலாமா?

கூடாது என்பதே நம் கருத்து. இதை மறுப்போரும் உண்டு. சுடாத துப்பாக்கி ஊதாத குழலுக்கு ஒப்பு என்பர் அவர்கள். ஆயினும் பர்மிங்காமின் முத்திரை, அன்று அக்குழல் இருந்த நிலைக்குத் தரப்பட்ட சான்று. இருநூறு ஆண்டுத் துரு உள்ளே எங்கெங்கு எவ்வளவு தின்றது என்பதை அம்முத்திரை அறியாது. மருந்து வெடிக்கும் பின்பகுதியில்தான், எரிந்த மருந்தின் உப்புக் கசடு தங்கி, பள்ளம் மிக ஆழமாக விழுந்திருக்கும். அப்பகுதியைக் கண்ணால் காண்பதும் அரிது. போதாக்குறைக்கு, 1884ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பால் வியேய் கண்டுபிடித்த புகையற்ற மருந்தைப் பழங்குழலில் இட்டுச் சுடுவோரும் உண்டு. அதன் அழுத்தம் பழைய கருமருந்தின் அழுத்தத்தைவிடப் பெரிது. குழல் பிளந்தால், போவது பிடித்திருக்கும் கையும் அருகிலுள்ள கண்ணுமே. சுட்டே ஆக வேண்டும் என்போருக்கு இத்தாலி நாட்டின் கார்டோனே நகரத்துப் பட்டறைகள் அதே வடிவத்தில் புதிய துப்பாக்கிகளைச் செய்து தருகின்றன. அவற்றைச் சுட்டு மகிழட்டும். கிழவனை ஓய்வெடுக்க விடட்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இவ்விடத்தில் கூர்ந்து நோக்கத்தக்கது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புடைய அல்லது பழுதடைந்த ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் அவை பழுதுபார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, சுடும் ஆயுதமாகப் பயன்பட முடியாதவையாக இருத்தல் வேண்டும். அதாவது, பரணிலிருந்து எடுத்த துருவேறிய துப்பாக்கி, பழுதுபார்த்தால் சுடும் என்ற நிலையில் இருந்தாலே, அது சட்டத்தின் கண்ணில் ஆயுதம். இத்தகைய பொருள் எவர் வீட்டிலேனும் கிடைத்தால், அதைத் திருகாமல், தட்டாமல், குழலின் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காவல் நிலையத்திற்குச் செய்தி அனுப்புவதே முறை. அதுவரை பிள்ளைகளை அருகில் விடலாகாது.

இனி, சீர்படுத்தாமலே விட்டுவைத்த இரு துப்பாக்கிகளைப் பற்றிக் கூறி நிறுத்துகிறோம்.

பிரான்சு நாட்டில் ஓவேர் என்னும் சிற்றூர் உள்ளது. ஓவியர் வின்சென்ட் வான்கோ தம் இறுதி நாட்களைக் கழித்த ஊர் அது. மனநோயால் வருந்திய அவர் 1890ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் வயலொன்றில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு, இரண்டு நாட்களுக்குப்பின் தம் 37ஆம் வயதில் உயிர் நீத்தார். பல பத்தாண்டுகள் சென்று, 1960களில், அவ்வூர் உழவர் ஒருவரின் நிலத்தில் 7 மில்லிமீட்டர் லெஃபோஷோ கைத்துப்பாக்கி ஒன்று கிடைத்தது. பிடியின் மரம் மண்ணோடு மண்ணாகியிருந்தது. இரும்பு முழுவதும் துரு. நெடுங்காலம் மண்ணில் கிடந்தது என்பதை அத்துருவே காட்டியது. அது வான்கோவின் கையிலிருந்ததுதான் என்று அறுதியிட்டுக் கூற எவராலும் இயலவில்லை. ஆயினும் இடமும், காலமும், குண்டின் அளவும் பொருந்தி வருகின்றன. 2016ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமிலுள்ள வான்கோ அருங்காட்சியகத்தில் அது பார்வைக்கு வைக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் பாரிசு நகரில் ஏலம் விடப்பட்டு, 1,62,500 யூரோவுக்கு விலைபோயிற்று. எவரேனும் அதைக் கொதிநீரிலிட்டு, புது வில் பூட்டி, புதுப் பிடி மாட்டி, பளபளவென்று ஆக்கியிருந்தால் அதற்கு என்ன விலை கிடைத்திருக்கும்? அதன் வரலாற்றுக்கு அந்தத் துரு ஒன்றே சாட்சி.

மற்றொன்று அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில். 2014ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், 'கிரேட் பேசின்' தேசியப் பூங்காவில் தொல்லியல் ஆய்வாளர்கள் சுற்றி வருகையில், சூனிபர் மரம் ஒன்றின்மீது சாய்த்து வைத்த நெடுந்துப்பாக்கியைக் கண்டனர். வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873ஆம் ஆண்டு வகை. எண்ணைக் கொண்டு ஏடுகளைப் புரட்டியபோது, 1882ஆம் ஆண்டில் செய்யப்பட்டது என்று தெரிந்தது. கட்டையின் அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது, மரம் வெயிலிலும் பனியிலும் வெளுத்து வெடித்திருந்தது, குழல் பழுப்பேறியிருந்தது. யாரோ ஒருவர் அதை மரத்தில் சாய்த்துவிட்டுச் சென்றார், திரும்பி வரவில்லை. மானைத் துரத்திச் சென்றாரா, ஓடிப்போன குதிரையைத் தேடிச் சென்றாரா, யார் கண்டது?

அத்துப்பாக்கி வயோமிங் மாநிலத்திலுள்ள கோடி நகரத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டது. அங்குள்ளோர் கேட்ட முதற் கேள்வியும் நாம் தொடக்கத்தில் கூறிய கேள்வியே: உள்ளே ஏதேனும் உண்டா? துருவால் இறுகிய பொறியைத் திறக்க முனையாமல், ஊர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்று எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தனர். நோயாளியின் பெயர் எழுதும் இடத்தில் 'ரைஃபிள்' என்றே எழுதப்பட்டதாம்! குழலில் தோட்டா இல்லை. ஆனால் கட்டையின் உள்ளே, துப்புரவுக் கோல்களை வைக்கும் சிறு அறையில், ஒரே ஒரு தோட்டா கிடந்தது.

அவர்கள் துருவைச் சுரண்டவில்லை. மெல்லத் தூசி தட்டினர்; உதிரும் மரத்துகள்கள் மேலும் உதிராதபடி பசையிட்டனர்; அவ்வளவோடு நிறுத்தினர். வெளுத்த கட்டையும் பழுப்புக் குழலுமாக, மரத்தில் சாய்ந்திருந்த அதே கோலத்தில், அது மீண்டும் நெவாடாவின் அப்பூங்காவுக்கே சென்று சேர்ந்தது.